ஸ்பீட் டெஸ்டில் 95, டோரண்டில் 300 கேபி: வேகத்தைத் தின்பது எது?

உங்கள் கேள்வியின் தலைப்பில் 'டோரண்ட் வேகத்தை எப்படிக் கூட்டுவது' என்று இருக்கிறது (டோரண்ட் என்பது ஒரே சர்வரிலிருந்து அல்லாமல், அதே கோப்பை வைத்திருக்கும் பலரிடமிருந்து துண்டுதுண்டாக இறக்கும் முறை). உள்ளே எழுதியிருப்பதைப் படித்தால் விஷயம் கொஞ்சம் வேறு. வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ஸ்பீட் டெஸ்ட் டவுன்லோடுக்கு 95, அப்லோடுக்கு 20 காட்டுகிறது. பிரவுசரில் பெரிய கோப்பு எடுத்தால் முழு வேகம் வருகிறது. விண்டோஸ் 10 லேப்டாப்பில் கியூபிட்டோரண்ட் என்ற நிரல் வழியாக, உபுண்டு என்ற இயங்குதளத்தின் ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பை) எடுத்தால் மட்டும் நொடிக்கு 200, 300 கேபியைத் தாண்டவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் மற்றவர்களின் போனில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. பட்டியலில் முடிந்துபோன பதினொரு டோரண்ட்கள் சீட் ஆகிக்கொண்டிருக்கின்றன, அதாவது உங்களிடமிருந்து மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு வீடியோ சொன்னபடி இணைப்பு எண்ணிக்கையை 2000 ஆக்கி, டிராக்கர் (கோப்பை வைத்திருப்பவர்களை அறிமுகப்படுத்தும் சர்வர்) பட்டியலும் ஒட்டிப் பார்த்துவிட்டீர்கள், பலனில்லை. ஆக நீங்கள் கேட்பது, கையில் இருக்கிற வேகத்தை எது தின்கிறது என்று. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய போன் விஷயம்தான் இதில் முக்கியமான துப்பு.

முதலில் கணக்கு. 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, டோரண்ட் காட்டுவது பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. நெறிமுறைச் செலவு (தரவோடு சேர்ந்து போகும் முகவரி, கட்டுப்பாட்டுத் தகவல்) போக 11 முதல் 11.5 எம்பி கையில் நிற்கும். சுமார் 6 ஜிபி உள்ள ஐஎஸ்ஓ ஒன்பது பத்து நிமிடத்தில் இறங்க வேண்டும். 300 கேபியில் ஐந்தரை மணி நேரம் ஆகும். எனவே பிட்-பைட் குழப்பத்தால் வந்த ஏமாற்றமல்ல இது, உண்மையான கோளாறு.

சோதனைக்கு நீங்கள் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று. யாரோ பத்துப் பேர் வைத்திருக்கும் பழைய கோப்பு மெதுவாக இறங்கினால், சீட் (முழுக் கோப்பையும் வைத்துக் கொடுப்பவர்) இல்லையா, வீட்டில் கோளாறா என்று பிரிக்க முடியாது. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் போன்றவற்றின் புதிய வெளியீடுகளுக்கு நல்ல இணைப்புள்ள சீட்கள் எப்போதும் ஏராளம். சீட்ஸ் பத்தியில் இரண்டு எண்கள் தெரியும். முதலாவது இப்போது உங்களோடு இணைந்திருப்பவர்கள், அடைப்புக்குறிக்குள் இருப்பது மொத்தக் கூட்டத்தில் இருப்பதாக டிராக்கர் சொல்வது. அடைப்புக்குறிக்குள் ஆயிரக்கணக்கிலும் வெளியே நாற்பது ஐம்பதும் இருந்தால் இயல்புதான். வெளியே 2 அல்லது 3 மட்டும் நின்றால் உங்கள் பக்கத்திலிருந்து இணைப்பே எழவில்லை என்று பொருள். வேறு ஏதாவது டோரண்டைப் பற்றி யோசிக்கும்போது அவெய்லபிலிட்டி என்ற எண்ணையும் பாருங்கள். அது 1-க்குக் கீழே இருந்தால் முழுக் கோப்பு யாரிடமும் இல்லை. எந்த அமைப்பை மாற்றினாலும் அது 100 சதவீதத்தைத் தொடாது.

பெரிய காரணங்களுக்குப் போகும் முன் இரண்டு சில்லறை விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். கியூபிட்டோரண்டின் கீழ்ப்பட்டையில் வேகமானி மாதிரி ஒரு சின்னம் இருக்கும். அதைத் தவறுதலாகத் தட்டினால் மாற்று வேக வரம்பு இயங்கத் தொடங்கும், அதன் இயல்பு மதிப்பு வெறும் 10 கேபி. உங்களுக்கு 300 வருவதால் இது காரணமல்ல, ஆனால் நாளைக்கு திடீரென 10-இல் நின்றால் முதலில் அங்கே பாருங்கள். இரண்டாவது, டூல்ஸ் மெனு, ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் என்ற வரி. எப்போதோ விபிஎன் (வேறொரு சர்வர் வழியாக இணையத்தைச் சுற்றிவிடும் சேவை) பயன்படுத்தி அதை அங்கே தேர்ந்தெடுத்திருந்தால், விபிஎன் ஓடாதபோது டோரண்ட் அசையாது. ஓடும்போது விபிஎன் சர்வரின் வேகம்தான் உங்கள் வேகம். எனி இன்டர்ஃபேஸ் என்று இருந்தால் சரி.

இனி சோதனை. எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், ஐந்து நிமிடம் போதும். இரண்டு கமாண்ட் ப்ராம்ப்ட் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் மற்றொன்றில் வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கும் நிற்காத பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓட விடுங்கள். பிங் என்று அடித்து, முகவரி கொடுத்து, இறுதியில் ஒரு கோடும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். ரூட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. சந்தேகமிருந்தால் ஐபிகான்ஃபிக் கட்டளை காட்டும் டீஃபால்ட் கேட்வேதான் அது. டோரண்ட் நின்றிருக்கும்போது இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ரூட்டருக்கு 1 முதல் 5 மில்லிசெகண்டும், வெளியே 10 முதல் 30-ம் வந்தால் ஆரோக்கியமான வீடு. இப்போது டோரண்டை ஓட விட்டு இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

ரூட்டருக்கான பிங் அமைதியாக இருந்து, வெளியே போகும் பிங் மட்டும் 300, 500, 800 என்று ஏறினால், ரூட்டருக்கும் இணையம் தரும் கம்பெனிக்கும் இடையே வரிசை கட்டி நிற்கிறது. உங்கள் நிலையில் அது அநேகமாக அப்லோட் பக்கம். இரண்டு பிங்கும் சேர்ந்து ஏறினால் தகராறு வைஃபையில். இரண்டும் அமைதியாக ஓடிக்கொண்டே, புதிதாக ஒரு இணையதளத்தைத் திறந்தால் மட்டும் திறக்காமல் சுற்றினால், ரூட்டரின் இணைப்புப் பட்டியல் நிரம்பிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பிங்குக்கு அந்தப் பட்டியலில் ஏற்கெனவே இடம் இருப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது, புதிதாக வருபவற்றுக்கு இடமில்லை. எல்லாமே சரியாக இருந்து, தளங்களும் உடனே திறந்து, டோரண்ட் மட்டும் மெதுவாக இருந்தால்தான் டிஸ்க், போர்ட், கம்பெனியின் கட்டுப்பாடு என்று யோசிக்க வேண்டும். வீட்டில் மற்றவர்களும் பாதிக்கப்படுவதாகச் சொன்னதால் இந்தக் கடைசி நிலை உங்களுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. முதலாவதும் மூன்றாவதும் கலந்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. பதினொரு சீடிங் டோரண்ட்களும் அந்த 2000-ம் ஒன்றாக இருக்கும்போது வேறு எப்படி இருக்கும்?

அப்லோட் நிரம்பினால் டவுன்லோட் ஏன் சாக வேண்டும் என்ற கேள்வி எழும். டிசிபி என்ற தரவு அனுப்பும் முறையில் வரும் தரவுக்கெல்லாம் உங்கள் கணினி 'கிடைத்தது' என்று ஒரு சின்ன ஒப்புகையைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பொதுவாக இரண்டு பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) ஒரு ஒப்புகை. முழு 100 எம்பிபிஎஸ் இறங்கும்போது இந்த ஒப்புகைகளுக்கே 2 எம்பிபிஎஸ்சுக்கு மேல் அப்லோட் தேவைப்படும். உங்கள் 20-ஐயும் சீடிங் விழுங்கிவிட்டால், ஒப்புகைகள் அந்தப் பெரிய பாக்கெட்டுகளின் பின்னால் வரிசையில் நிற்கின்றன. ரூட்டரில் 1 எம்பி வரிசை நின்றால், 20 எம்பிபிஎஸ் வழியில் அது வெளியேற 400 மில்லிசெகண்ட் ஆகும். 15 மில்லிசெகண்டில் போக வேண்டிய ஒப்புகை அரை நொடி கழித்துப் போனால், அனுப்புகிறவர் 'இவர் பக்கம் நெரிசல்' என்று முடிவு கட்டி வேகத்தைக் குறைக்கிறார். போனில் வீடியோ சுற்றுவதும் இதே வரிசையால்தான். அதன் கோரிக்கையும் அங்கேதான் நிற்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. உபுண்டு டோரண்டில் பெரும்பாலோர் சீட்கள், கேட்பவர்கள் குறைவு. அதனால் அந்த டோரண்ட் உங்கள் அப்லோடை அவ்வளவாக நிரப்பாது. சரிதான். நிரப்புவது மற்ற பதினொன்று. கியூபிட்டோரண்டின் இயல்பான அமைப்பில் ஒரே நேரத்தில் மூன்று மட்டுமே சீட் ஆகும், மற்றவை வரிசையில் காத்திருக்கும். உங்களிடம் பதினொன்றும் ஓடுகிறதென்றால், டோரண்ட் க்யூயிங்கை யாரோ அணைத்திருக்கிறார்கள் அல்லது அந்த எண்ணை ஏற்றியிருக்கிறார்கள். 2000 ஆக்கச் சொன்ன அதே வீடியோவாகக்கூட இருக்கலாம். எனவே முதல் காரியம், பதினொன்றையும் நிறுத்திவிட்டு உபுண்டுவை மட்டும் ஓட விடுங்கள். இரண்டு நிமிடத்தில் வேகம் பல எம்பிக்குத் தாவினால் வழக்கு முடிந்தது.

அப்படித் தாவினால் நிரந்தர வைத்தியம் இது. ஆப்ஷன்ஸில் ஸ்பீட் பக்கம் போய் குளோபல் அப்லோட் வரம்பைப் போடுங்கள். 20 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 2.5 எம்பி, அதில் 80 சதவீதம் 2 எம்பி. நிரலில் கட்டத்தின் அலகு கேஐபி, அதாவது 1024 பைட். 1500 என்று தொடங்கி, பிங்கைப் பார்த்துக்கொண்டே 1900 வரை மெல்ல ஏற்றுங்கள். வெளியே போகும் பிங் 50, 60-ஐத் தாண்டத் தொடங்கும் இடத்துக்குச் சற்று கீழே நிறுத்துங்கள். முழு 2400-க்குப் போடாதீர்கள். நெறிமுறைச் செலவு அந்த வரம்புக்குள் இயல்பாகக் கணக்கில் வராது, வீட்டில் மற்றவர்களுக்கும் வழி வேண்டும். போனில் போட்டோ பேக்கப் ஓடினாலோ, மேகத்தில் பதியும் சிசிடிவி கேமரா இருந்தாலோ இன்னும் குறைக்க வேண்டும். அவையும் அதே 20-ஐத்தான் பங்கு போடுகின்றன. பிறகு பிட்டோரண்ட் பக்கத்தில் க்யூயிங்கை மறுபடி இயக்கி, ஒரே நேரத்தில் சீட் ஆகும் எண்ணிக்கையை 3-க்குக் கொண்டுவாருங்கள்.

அப்லோட்தான் பிரச்சினை என்றதும் அதை 1 கேபி, 5 கேபி என்று நெரித்துவிடுபவர்கள் உண்டு. அதுவும் தப்பு. 2001-இல் பிராம் கோஹன் உருவாக்கிய இந்த நெறிமுறையின் உயிரே கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது. மொய்க்கணக்கு மாதிரிதான், யார் எனக்கு அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களுக்கே என் அப்லோட் இடங்களைத் தருவேன். மூல வடிவமைப்பில் இந்தக் கணக்கு 10 நொடிக்கு ஒருமுறை பார்க்கப்படும். புதியவர்களுக்கும் வாய்ப்பு வேண்டுமென்று 30 நொடிக்கு ஒருமுறை யாரோ ஒருவருக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கப்படும். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் அந்த 30 நொடி அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டும். முழுக் கோப்பும் கையில் இருக்கும் சீட்களுக்கு உங்களிடமிருந்து பெற ஒன்றுமில்லை என்பதால் அவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அதனால் உபுண்டுவில் இந்தத் தண்டனை தெரியாது. சீட் இரண்டும் இறக்குபவர்கள் இருநூறுமாக இருக்கும் புதிய டோரண்டில் நன்றாகவே தெரியும். பியர்ஸ் (உங்களோடு இணைந்திருப்பவர்கள்) தாவலில் ஒவ்வொருவருக்கும் எதிரே எழுத்துக் கொடிகள் இருக்கும். பெரிய டி என்றால் அவரிடமிருந்து இறங்குகிறது. சின்ன டி என்றால் நீங்கள் கேட்கிறீர்கள், அவர் தரவில்லை. பட்டியல் முழுக்கச் சின்ன டியாக இருந்தால் உங்கள் மொய் போதவில்லை.

அடுத்தது அந்த 2000. வீட்டு ரூட்டர் ஒவ்வொரு இணைப்புக்கும் தன் நினைவகத்தில் ஒரு வரி எழுதி வைக்கிறது, உள்ளே எந்தக் கருவி வெளியே யாரோடு பேசுகிறது என்று. அந்தப் பட்டியலுக்கு எல்லை உண்டு. நல்ல ரூட்டரில் பத்தாயிரங்களில் இருக்கும். இணைப்போடு இலவசமாகக் கொடுக்கப்படும் பெட்டிகளில் சில ஆயிரங்களோடு முடிந்துவிடலாம். பேச்சு முடிந்ததும் வரி அழிவதில்லை என்பதுதான் சிக்கல். முறையாக மூடப்படாத டிசிபி இணைப்பை லினக்ஸ் கர்னல் இயல்பாக 5 நாள் நினைவில் வைத்திருக்கும். ரூட்டர் தயாரிப்பவர்கள் இதைக் குறைத்துத்தான் வைப்பார்கள், ஆனாலும் ஒன்றிரண்டு மணி நேரம் சாதாரணம். டோரண்டில் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். பதிலே வராத முகவரிகளைத் தட்டிப் பார்ப்பதும், டிஎச்டிக்காக (டிராக்கர் இல்லாமலே ஆட்களைத் தேடும் முறை) நூற்றுக்கணக்கான இடங்களுக்கு யுடிபி (ஒப்புகை கேட்காத தரவு முறை) செய்திகளை அனுப்புவதும் சேர்ந்துகொள்ளும். ரூட்டரை அணைத்துப் போட்டால் அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மறுபடி படுத்துவிடுகிறது என்றால் இந்தப் பட்டியல்தான் நிரம்புகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

கியூபிட்டோரண்டின் இயல்பு எண்கள் மொத்தம் 500, ஒரு டோரண்டுக்கு 100, அப்லோட் இடங்கள் மொத்தம் 20, ஒரு டோரண்டுக்கு 4. இவற்றுக்குத் திரும்புங்கள். ரூட்டர் பழையதென்றால் இன்னும் இறக்கி 200-ம் 60-ம் வைத்துப் பாருங்கள். வேகம் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். நொடிக்கு ஒரு எம்பி தரக்கூடிய பன்னிரண்டு சீட் இருந்தால் உங்கள் 100 எம்பிபிஎஸ் நிரம்பிவிடும், மீதி 1988 பேர் கூட்டம்தான். அப்லோட் இடங்களை அதிகமாக்குவதும் இதே ரகம். 2 எம்பியை நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 500 கேபி. நூறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20 கேபி, யாருடைய கணக்கிலும் நீங்கள் கொடுத்தவராகத் தெரியமாட்டீர்கள்.

வைஃபை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பீட் டெஸ்டில் 95 வந்தது இதே லேப்டாப்பிலா, போனிலா என்று நீங்கள் எழுதவில்லை. போனில் என்றால் அந்த எண்ணை வைத்து லேப்டாப்பைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. ஒற்றை ஆன்டெனா கொண்ட பழைய லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸில் 72 எம்பிபிஎஸ் என்று இணையும், கையில் கிடைப்பது 40, 50தான். புளூடூத்தும் பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அதே அலைவரிசையில் இருந்தால் அதுவும் குறையும். விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளில் அந்த வைஃபையின் பண்புகளைத் திறந்தால் இணைப்பு வேகம் தெரியும். ரூட்டருக்கான பிங்கே தள்ளாடினால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது ஒரே ஒரு முறை லேன் கேபிளைச் செருகிச் சோதியுங்கள். கேபிளில் போட்டதும் சரியாகிவிட்டால் டோரண்ட் அமைப்புகளில் கைவைக்கத் தேவையே இல்லை.

இனி போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு ரூட்டரில் ஒரு கதவைத் திறந்துவிடுவது. இணையத்தில் எந்தக் குறிப்பை எடுத்தாலும் முதலில் இதுதான் இருக்கும். என் கருத்தில் அதற்குக் கொடுக்கப்படும் முக்கியத்துவம் மிக அதிகம். போர்ட் மூடியிருந்தால் வெளியிலிருந்து யாரும் உங்களைத் தேடி வர முடியாது. நீங்கள் தேடிப் போவது தடைபடாது. திறந்த சீட்கள் ஆயிரம் பேர் இருக்கும் உபுண்டுவில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. இருப்பதே மூன்று சீட், அந்த மூவரும் மூடிய போர்ட்டுக்குப் பின்னால் என்றால்தான் வலிக்கும், ஏனென்றால் மூடியவர் இருவர் நேரடியாக இணைவது கடினம். கீழ்ப்பட்டையில் இணைப்பு நிலைச் சின்னம் பச்சையாக இருந்தால் வெளியிலிருந்து வருபவர்கள் உள்ளே நுழைய முடிகிறது. பச்சை இல்லையென்றால் கனெக்‌ஷன் பக்கத்தில் யுபிஎன்பி (நிரல் கேட்டதும் ரூட்டர் தானே போர்ட்டைத் திறக்கும் வசதி) இயங்குகிறதா, ரூட்டரிலும் அது இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் ஃபயர்வாலில் கியூபிட்டோரண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டு வைஃபையை விண்டோஸ் 'பொது' வலையமைப்பாகக் குறித்திருக்க, அனுமதி 'தனியார்' வலையமைப்புக்கு மட்டும் இருப்பது அடிக்கடி நடப்பது.

இதெல்லாம் செய்தும் பச்சை வராவிட்டால் ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வான் முகவரியை (வெளி இணையப் பக்கத்து ஐபி முகவரியை) பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 என்ற பழைய முறை முகவரிகள் தீர்ந்துபோனதால் ஒரே பொது முகவரியைக் கம்பெனி பலருக்குப் பகிர்கிறது. அதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். அப்போது உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வீண், கதவு கம்பெனியின் கட்டடத்தில் மூடியிருக்கிறது. மாதக் கட்டணத்துக்குத் தனிப் பொது முகவரி கேட்கலாம், அல்லது ஐபிவி6 (புதிய முகவரி முறை) கிடைத்தால் அதை இயக்கலாம். இரண்டாவது இலவசம் என்பதால் முதலில் அதை முயலுங்கள். வான் முகவரி 192.168 என்று தொடங்கினால் அது வேறு விஷயம். கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் உங்கள் சொந்த ரூட்டரும் இருக்கிறது, இரண்டு இடத்தில் முகவரி மாற்றம் நடக்கிறது. கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (முகவரியை மாற்றாமல் அப்படியே கடத்தும் முறைக்கு) மாற்றச் சொன்னால் தீரும்.

'கம்பெனிக்காரன்தான் டோரண்டை நெரிக்கிறான்' என்று பலரும் சொல்வார்கள். இதுவரை சொன்னவற்றை வீட்டிலேயே அளந்து உறுதி செய்யலாம். இதை அப்படிச் செய்ய முடியாது. நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டோரண்ட் இணைப்புகளுக்கு நடுவே போலியான முறிப்புச் செய்திகளைச் செருகியது 2007-இல் வெளிப்பட்டது. 2008 ஆகஸ்டில் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அதைக் கண்டித்தது. அந்த ஆணையையே 2010-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 நவம்பரில் கொடுத்த இணைய நடுநிலைப் பரிந்துரைகளை 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்றது. அதன்படி ஒரு வகைப் பயன்பாட்டை மட்டும் பாரபட்சமாக மெதுவாக்கக் கூடாது, நியாயமான போக்குவரத்து மேலாண்மை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மாத அளவு தீர்ந்ததும் வேகம் குறைவது இதில் சேராது. ஆனால் அது எல்லாவற்றையும் சேர்த்தே குறைக்கும், ஸ்பீட் டெஸ்டிலும் தெரியும். உங்களுக்கு 95 வருவதால் அது இல்லை.

சந்தேகம் தீராவிட்டால் ஒரு சோதனை செய்யலாம். டோரண்டை மட்டும் ஓட விட்டு வேகத்தைக் குறியுங்கள்; பிறகு நம்பகமான விபிஎன் வழியாக அதே டோரண்டை ஓட்டுங்கள். விபிஎன்னில் பத்து மடங்கு வந்தால் சந்தேகம் வலுக்கும். வலுக்கும், அவ்வளவே. விபிஎன் பாதையையும் மாற்றுகிறது. ரூட்டரின் ஆயிரம் வரிகளை ஒரே வரியாகவும் சுருக்கிவிடுகிறது, அதனால் பட்டியல் நிரம்பிய வீட்டிலும் விபிஎன் போட்டதும் வேகம் ஏறும். ஆகவே 2000-ஐ 500-க்கு இறக்காமல் இந்தச் சோதனையைச் செய்தால் கம்பெனி மேல் வீண் பழி விழும். என்கிரிப்ஷனை (இணைப்பை மறையாக்கும் அமைப்பை) பொறுத்தவரை 'அனுமதி' என்ற இயல்பு நிலையே போதும். 'கட்டாயம்' என்று வைத்தால் அதை ஏற்காத பியர்களை இழக்கிறீர்கள், பதிலுக்குக் கிடைப்பது நிச்சயமில்லை.

நீங்கள் ஒட்டிய டிராக்கர் பட்டியலையும் எடுத்துவிடுங்கள். டிராக்கர் செய்வது ஆட்களை அறிமுகப்படுத்துவது மட்டும். உபுண்டுவின் சொந்த டிராக்கரும் டிஎச்டியும் தருவதற்கு மேல் அந்த ஐம்பது முகவரிகள் புதிதாக யாரையும் காட்டப்போவதில்லை. பாதி செத்துப்போனவை, பதில் வராத கோரிக்கைகளாக ரூட்டர் பட்டியலில் இடத்தை அடைக்கும். கீழ்ப்பட்டையில் டிஎச்டி எண்ணிக்கை சில நூறு இருந்தால் ஆள் தேடும் வேலை நன்றாகவே நடக்கிறது. அது 0-இல் நின்றால் யுடிபி எங்கோ தடைபடுகிறது. மேக்னெட் இணைப்புகள் (டோரண்ட் கோப்பு இல்லாமல் வெறும் லிங்க்காக வருபவை) மெட்டாடேட்டா (கோப்பின் விவரம் தேடும்) நிலையிலேயே நிற்பதும் அப்போதுதான்.

இதே மாதிரி இன்னும் இரண்டு பழைய அறிவுரைகள் சுற்றுகின்றன. ஒன்று, விண்டோஸின் டிசிபிஐபி கோப்பைத் திருத்தி அரை இணைப்பு (தொடங்கியும் இன்னும் பதில் வராத இணைப்பு) எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வது. 2004-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 ஒரே நேரத்தில் 10 அரை இணைப்புகளுக்கு மேல் விடாது, அதற்கு வந்த வைத்தியம் அது. விண்டோஸ் 7-இலிருந்து அந்த வரம்பே கிடையாது. இன்றைக்கும் அந்தத் திருத்தியை இறக்கச் சொல்லும் பக்கம் உங்களுக்கு வைரஸைத்தான் கொடுக்கும். மற்றொன்று, 'விண்டோஸின் ஆட்டோ ட்யூனிங்கை அணைத்தால் வேகம் கூடும்' என்பது. அணைத்தால் பெறும் சாளரம் (ஒப்புகைக்குக் காத்திராமல் ஒரு தவணையில் வரக்கூடிய தரவின் அளவு) 64 கேபியில் நின்றுவிடும். 200 மில்லிசெகண்ட் தூரத்தில் இருக்கும் ஐரோப்பிய சீட்டிடமிருந்து ஒரு இணைப்பில் நொடிக்கு 320 கேபிக்கு மேல் அப்போது வராது. பக்கத்து சர்வரோடு பேசும் ஸ்பீட் டெஸ்டில் இது தெரியவே தெரியாது. ஏதாவது வேகமூட்டி நிரல் போட்டிருந்தால் நீக்கிவிட்டு, நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் நெட்ஷ் கட்டளை வழியாக அந்த ஆட்டோ ட்யூனிங் அமைப்பை நார்மல் என்ற நிலைக்குத் திருப்புங்கள்.

டிஸ்க் உங்கள் பிரச்சினையாக இருக்காது, ஏனென்றால் டிஸ்க் திணறினால் மற்றவர்களின் போன் பாதிக்கப்படாது. ஆனால் மற்றவற்றைச் சரிசெய்த பிறகு 11 எம்பிக்குப் பதில் 3, 4 எம்பியில் நின்று ஏறி இறங்கினால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பத்தியைப் பாருங்கள். துண்டுகள் வரிசையில் வராமல் கண்டபடி வருவதால் சுழலும் ஹார்ட் டிஸ்க் அங்குமிங்கும் அலைய வேண்டியிருக்கும். 100 சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி இருக்கும் டிரைவுக்கு இறக்கி, முடிந்ததும் நகர்த்திக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு துண்டையும் ஆன்டிவைரஸ் சோதிப்பதாலும் இழுக்கும். இறங்கி முடியாத கோப்புகளுக்கென்று தனி ஃபோல்டர் வைத்து அதை மட்டும் விலக்கலாம். முடிந்த கோப்புகள் போகும் ஃபோல்டரை விலக்காதீர்கள். பென் டிரைவுக்கு நேரே இறக்குபவர்கள் கவனிக்க: ஃபேட்32 வடிவத்தில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. 6 ஜிபி ஐஎஸ்ஓ பாதியில் பிழை காட்டி நிற்கும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டிய வரிசை: பதினொன்றையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள், பிறகு 500, 100, 20, 4, பிறகு அப்லோட் வரம்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் பழைய வரிகள் பட்டியலில் கிடந்து ஏமாற்றும். இரண்டை ஒன்றாக மாற்றாதீர்கள், எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். அதற்கும் மசியாவிட்டால் கீழே எழுதுங்கள்: டோரண்ட் ஓடும்போதும் ஓடாதபோதும் அந்த இரண்டு பிங் எண்கள், ரூட்டரின் மாடல், வான் முகவரியின் முதல் இரண்டு எண்கள் மட்டும், ஸ்பீட் டெஸ்ட் எந்தக் கருவியில் எடுத்தது. முழு ஐபி முகவரியைப் பொதுவில் போட வேண்டாம்.